கரையுற மை, போகாத கறை

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாமா? உங்கள் கையில் ரெண்டு தாள் இருக்கிறது. ஒன்று, ஜெராக்ஸ் கடையில் எடுத்த நோட்ஸ். இன்னொன்று, ரூம்மேட்டின் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த கலர் அசைன்மென்ட். ரெண்டின் மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டிவிட்டது. எதில் மை கரையும்?

எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். இங்க்ஜெட்தான். ஹால் டிக்கெட்டை மழையில் நனைத்தவர்களுக்கு இது அனுபவப் பாடம். ஜெராக்ஸ் தாள் காய்ந்ததும் சுருங்கிப்போய் இருக்குமே தவிர எழுத்து அப்படியே இருக்கும்.

சரி, அடுத்த கேள்வி. ரெண்டையும் எடைக்குப் போட்டாச்சு. ரெண்டும் காகித ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. அங்கே எந்தத் தாளிலிருந்து மையை எடுப்பது சுலபம்? தண்ணீரில் கரைவதுதான் சுலபமாகப் போகும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மை நேர் எதிர். தண்ணீர் பட்டால் ஓடும் அந்த மைதான் ஆலைக்குப் பெரிய தலைவலி.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். முன்னறையில் அம்மா ஒரு பிரிண்ட் கடை வைத்திருக்கிறார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின், பாட்டிலில் மை வாங்கி ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று. அவ்வளவுதான் கடை. கறுப்பு ரெண்டு ரூபாய், கலர் பத்து ரூபாய். ஆதார் நகல், ரயில் டிக்கெட், ஜாதகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுக்குப் படங்கள். வைகுண்ட ஏகாதசி வந்தால் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். என் செமஸ்டர் ஃபீஸில் ஒரு பங்கு அந்த நான்கு மை பாட்டில்களிலிருந்து வருகிறது.

நான் படிப்பது கெமிக்கல். மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கடையில் வீணான தாள்களை எடைக்குப் போடப் போனேன். பழைய பேப்பர் கடை அண்ணன் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கலர் பிரிண்டு. வெள்ளையோட சேராது. தனி ரேட்டு" என்றார். "ஏண்ணே, பேப்பர் ஒண்ணுதானே?" என்று கேட்டேன். "மில்லுல அப்படித்தான் கேக்குறாங்க. நான் என்ன பண்ண?" என்றார். எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

முதலில், ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நமக்குப் பக்கத்து உதாரணம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிறது. நீங்கள் ஏ4 கட்டு வாங்கும்போது உறையில் பார்க்கும் டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு 1979-ல் தமிழக அரசு தொடங்கியது. மணப்பாறைப் பக்கம் மொண்டிப்பட்டியில் இருக்கும் அட்டை ஆலையும் அவர்களுடையதுதான். காகிதபுரத்தில் சக்கை, மரம் தவிர பழைய காகிதமும் மூலப்பொருள். ஒரு நாளைக்கு 300 டன் மை நீக்கிய கூழ் எடுக்கும் திறனுள்ள பிரிவு அங்கே இருக்கிறது.

மை நீக்குவது புது யோசனை கிடையாது. 1774-லேயே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் யுஸ்டுஸ் கிளாப்ரோத் என்ற சட்டப் பேராசிரியர், அச்சடித்த காகிதத்திலிருந்து மையைக் கழுவிவிட்டு மறுபடி காகிதம் செய்யும் முறையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1800-ல் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் இதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அன்றைய அச்சு மை புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்தது. தண்ணீரில் ஒட்டாத மை. இன்றைய செய்தித்தாள் மையும் கிட்டத்தட்ட அதே வம்சம்தான். இருநூறு வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்தது முழுக்க, 'மை தண்ணீரை வெறுக்கும்' என்ற ஒரே நம்பிக்கையின் மேல்.

எப்படி என்று சொல்கிறேன். பழைய காகிதத்தைப் பல்ப்பர் என்ற ராட்சத மிக்ஸியில் தண்ணீரோடு போட்டு அடிப்பார்கள். காஸ்டிக் சோடா நாரை உப்ப வைக்கும், மேலே ஒட்டியிருக்கும் மை செதில் செதிலாக விட்டுவரும். காரத்தில் கூழ் மஞ்சளாகிவிடாமல் இருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு. பிறகு சோப்பு. அதன் பிறகு அடியிலிருந்து காற்றுக் குமிழ்களை ஊதுவார்கள். தண்ணீரை வெறுக்கும் மைத் துகள் குமிழில் போய் ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். நார் தண்ணீரை விரும்பும் ஜாதி, அது கீழேயே நிற்கும். மேலே சேரும் கறுப்பு நுரையை வழித்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

வீட்டில் இதைப் பார்த்திருக்கிறீர்கள். வெல்லப் பாகு காய்ச்சும்போது அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வரும், பாட்டி கரண்டியால் வழித்து எடுப்பார். அதே கதைதான்.

இப்போது அந்தப் பாகில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டு, அதைக் கரண்டியால் வழித்து எடுக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். முடியுமா? இங்க்ஜெட் மை அந்தக் கேசரிப் பவுடர்தான்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். இங்க்ஜெட் மையில் ரெண்டு வகை. ஒன்று டை. சாயம் மூலக்கூறு மூலக்கூறாகத் தண்ணீரில் கரைந்திருக்கும். குமிழில் ஒட்டுவதற்கு அங்கே துகளே இல்லை. தண்ணீரில் கலந்து, நல்ல நார்களையும் சேர்த்துக் கறையாக்கும். புது சிவப்புச் சட்டையை வெள்ளைத் துணியோடு ஊற வைத்தால் என்ன ஆகுமோ, அது. ஆலையில் தண்ணீர் ஒரே முறை ஓடிப் போய்விடுவதில்லை. திரும்பத் திரும்பச் சுற்றும். அதனால் இன்று கரைந்த சாயம் நாளைய கூழையும் தொடும்.

இன்னொன்று பிக்மென்ட். இது துகள்தான், கரையாது. ஆனால் அளவு? நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழ் முறைக்கு வசதியான துகள் ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரான் வரை. பிக்மென்ட் மைத் துகள் 0.1 மைக்ரான் அளவில் இருக்கும். பிரிண்டரின் நுண்துளையில் அடைக்கக்கூடாது, பாட்டிலின் அடியில் படியவும் கூடாது என்பதற்காக, தண்ணீரோடு நன்றாகப் பழகும்படி அதன் மேற்பரப்பையே மாற்றி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பொடியானது, தண்ணீருக்கும் நண்பன். அது குமிழைத் தேடிப் போகுமா என்ன? நார்களின் இடுக்கில் புகுந்து மொத்தக் கூழையும் சாம்பல் பூசியது போல ஆக்கிவிடும்.

'ப்ளீச் போட்டால் போச்சு' என்று நினைக்கிறீர்களா? கறுப்பு பிக்மென்ட் என்பது கார்பன். எந்த ப்ளீச்சாலும் கார்பனை வெளுக்க முடியாது. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி, புகைக்கரியைத் தேய்த்து வைத்த எழுத்து நூற்றாண்டுகள் தாண்டியும் கறுப்பாகவே நிற்பது அதனால்தான். டையை வேண்டுமானால் ஓரளவு வெளுக்கலாம். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்று ஒன்று உண்டு, சாயப்பட்டறைகளில் 'ஹைட்ரோ' என்பார்கள். அது பல சாயங்களின் நிறத்தை உடைக்கும், எல்லாச் சாயத்தையும் உடைக்காது. கழுவிக் கழுவி எடுக்கும் முறையும் உண்டு. 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்களுக்கு அது நல்ல வழி. ஆனால் நிறையத் தண்ணீர் வேண்டும், மையோடு சேர்ந்து சிறு நார்களும் போய்விடும்.

ஜெராக்ஸ், லேசர் பிரிண்ட் கதை வேறு. அந்த டோனர் ஒரு பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகித் தாளின் மேல் ஒட்டியிருக்கும். பல்ப்பரில் அடித்தால் செதிலாக உடைந்து வரும். தண்ணீருக்கு எதிரி என்பதால் குமிழில் ஏறிவிடும்.

படித்தது போதாது என்று லேபில் செய்து பார்த்தோம். வீட்டில் பரணில் கிடந்த பழைய மிக்ஸி, மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார், குளியல் சோப்புச் சீவல், லேபிலிருந்து காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும். ஒரே கட்டிலிருந்து எடுத்த வெள்ளைத் தாளில், ஒரே பக்கத்தைப் பாதி ஜெராக்ஸிலும் பாதி அம்மாவின் மெஷினிலும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கூழில் காற்று ஊதியதும் கறுப்புத் துணுக்குகள் நுரையோடு ஏறின. கரண்டியால் வழிக்க வழிக்கக் கூழ் வெளுத்தது. பெரிய செதில்கள் சில அங்கங்கே புள்ளியாக நின்றன. மற்றபடி நல்ல வெள்ளை. அம்மாவின் தாளில் நுரை வெள்ளையாகவே வந்தது! தண்ணீர் ஊதாவாக இருந்தது. ஒரு மணி நேரம் ஊதியும் நுரையில் மை இல்லை. கடைசியில் சல்லடையில் வடித்துக் காய வைத்த தாள், மழை மேகம் போல ஒரு நீலச் சாம்பல் நிறம்.

ஒரு சுவாரசியமான விஷயமும் தெரிந்தது. ஜெராக்ஸ் கூழை முதலில் ஆர்.ஓ. தண்ணீரில் செய்தோம். நுரை பொங்கியதே தவிர மை அவ்வளவாக ஏறவில்லை. போர் தண்ணீருக்கு மாறியதும் நன்றாக ஏறியது. 'சோப்பே நுரைக்காத தண்ணி' என்று நாம் திட்டும் அதே தண்ணீர்தான். அதில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பொடியாகி, மைத் துகள்களைக் கட்டிச் சேர்த்துக் குமிழில் ஒட்ட வைக்கிறது. ஆலைகளும் இதற்காகத் தண்ணீரில் கால்சியம் இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன.

அம்மா அந்தச் சாம்பல் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "அப்போ இந்த மெஷினைத் தூக்கிப் போட்டுடணுமாடா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த மெஷின் போனால் என் ஃபீஸ் போகும். அந்த மெஷின் ஓடினால் நான் படிக்கும் படிப்பு அதைத் தப்பு என்கிறது. நண்பர்களே, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

'லேசர் வாங்கிடுங்கம்மா' என்று சொல்வது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டோனரை உருக்க லேசர் பிரிண்டர் சுமார் 200 டிகிரி சூடு கொடுக்க வேண்டும். பிரிண்ட் ஆகும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். இங்க் டேங்க் மெஷினுக்குப் பத்து, பதினைந்து வாட் போதும். கலர் லேசர் வாங்கும் விலைக்கும், அதன் நாலு டோனர் விலைக்கும், பத்து ரூபாய்க்குக் கலர் கொடுக்க முடியாது. அப்புறம் டோனர் டப்பா ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் குப்பை. எங்கள் வீட்டில் மிஞ்சுவது நாலு காலி பாட்டில். ஆக, ஒரு பக்கம் மின்சாரம், இன்னொரு பக்கம் கூழ். முழு நல்லவன் யாரும் இந்தக் கதையில் இல்லை.

ஆனாலும் இதை 'சின்ன விஷயம்' என்று விடவும் எனக்கு மனசு வரவில்லை. கரைந்த சாயம் என்ன செய்யும் என்பதற்கு நம் ஆற்றிலேயே சாட்சி இருக்கிறது. திருப்பூர் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. கரைந்ததைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஆர்.ஓ., ஆவியாக்கி என்று எத்தனை செலவு! அந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காவிரி காகிதபுரத்தைத் தாண்டி, முக்கொம்பில் பிரிந்து, அம்மா மண்டபத்துப் படிக்கட்டைத் தொடுகிறது. எங்கள் தெருவில் எல்லோரும் அங்கேதான் ஆடிப்பெருக்குக்குப் போவோம். ஒரு கடையின் பிரிண்ட் மை நொய்யல் ஆகிவிடாது, அது தெரியும். ஆனால் பாடம் ஒன்றுதான். கரைவது வேறு, போவது வேறு. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த பொருளைத் திரும்பப் பிரிப்பதுதான் இருப்பதிலேயே செலவான வேலை. துகளாக இருக்கும்போதே, தனியாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

உலகத்தில் இந்தப் பக்கமாகத்தான் யோசிக்கிறார்கள். ஐரோப்பாவில் மை நீக்கும் ஆலைகளின் சங்கமான இங்கேடே, ஓர் அச்சுத்தாளிலிருந்து மை எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு சோதனை முறையே வைத்திருக்கிறது. மை, பிரிண்டர் கம்பெனிகள் அதில் தேற வழி தேடுகின்றன. ஒரு வழி, தாளின் மேலே கொஞ்சம் கால்சியம் உப்பைச் சேர்ப்பது. பிக்மென்ட் மை விழுந்த உடனே உப்பு அதை உறைய வைக்கும். துகள்கள் உள்ளே இறங்காமல் மேலேயே கூட்டமாக நிற்கும், பிறகு பெரிய துண்டாகக் கழன்று வரும். சில ஏ4 கட்டுகளின் உறையில் 'கலர்லாக்' என்று ஒரு சின்ன அடையாளம் பார்த்திருப்பீர்கள், அதன் பின்னால் இருப்பது இந்த யோசனைதான். எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது, மறுசுழற்சிக்கும் உதவுகிறது.

எனக்குப் பதில் கிடைத்தது மறுபடியும் பழைய பேப்பர் கடையில்தான். "அண்ணே, அந்தத் தனி ரேட்டு கலர் கட்டு எங்கே போகும்?" என்று கேட்டேன். "அட்டை மில்லுக்குத் தம்பி" என்றார். பக்கத்தில் கிடந்த ஒரு சோப்பு டப்பாவைப் பிரித்துக் காட்டினார். வெளிப்பக்கம் பளபள வெள்ளை, உள்பக்கம் சாம்பல். நீங்களும் ஒரு மாத்திரை டப்பாவைப் பிரித்துப் பாருங்கள். முட்டை தட்டும் அதே நிறம்தான். அவற்றுக்கு மை நீக்கவே தேவையில்லை! என் லேபில் வந்த நீலச் சாம்பல் தாளை நான் தோல்வி என்று ரிப்போர்ட்டில் எழுதவில்லை. அட்டைக்கு அது முதல் தரச் சரக்கு.

அதாவது, பிரச்சினையின் பாதி மையில் இருக்கிறது. மீதிப் பாதி, எல்லாக் காகிதமும் திரும்ப வெள்ளையாகத்தான் வர வேண்டும் என்ற நம் ஆசையில் இருக்கிறது. அதைவிட முக்கியம், ரெண்டையும் கலக்காமல் இருப்பது. நூறு ஜெராக்ஸ் தாளுக்கு நடுவில் செருகிய கலர் தாள்கள் அந்த வெள்ளைக் கட்டின் மதிப்பையும் இறக்கிவிடும். ஆலையில் லட்சக்கணக்கில் செலவழித்துப் பிரிக்க வேண்டியதை, நம் மேஜைக்குக் கீழே ரெண்டு அட்டைப் பெட்டி வைத்துப் பிரித்துவிடலாம்.

அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன். மெஷின் அங்கேயே இருக்கிறது. மேஜைக்குக் கீழே ரெண்டு பெட்டி வந்திருக்கிறது. ஒரு பக்கம் காலியாக உள்ள தாள்கள் ஒன்றில். அவற்றைப் பாதியாக வெட்டி, பசை போட்டு ரஃப் பேடாக்கிப் பத்து ரூபாய்க்கு விற்கிறார். பக்கத்து டியூஷன் பிள்ளைகள் வாங்கிப் போகிறார்கள். ரெண்டு பக்கமும் மை உள்ளவை இன்னொன்றில், நேராக அட்டைக் கட்டுக்கு. எடைக்குப் போடும்போது கிலோவுக்கு ரெண்டு மூன்று ரூபாய் குறையத்தான் செய்கிறது. ரஃப் பேடில் அது திரும்ப வந்துவிடுகிறது. பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்கு வந்தால் "முழுப் பக்கமும் கலரா வேணுமா, படம் மட்டும் போதுமா கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார். அடுத்த மெஷின் வாங்கும்போது நாலு நிறமும் பிக்மென்ட்டாக இருப்பதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். மறுசுழற்சியைவிட, "மழையில நனைஞ்சாலும் டிக்கெட் அழியாதுன்னு சொல்லி விக்கலாம்" என்பது அம்மாவின் கணக்கு. வியாபாரி!

இப்போது உங்கள் முறை. செமஸ்டர் முடிந்து ரூம் காலி செய்யும் நாளில் ஹாஸ்டல் வராந்தாவில் எவ்வளவு பேப்பர் குவியும் என்று உங்களுக்கே தெரியும். ஜெராக்ஸையும் லேசர் பிரிண்டையும் ஒரு கட்டாகக் கட்டுங்கள். இங்க்ஜெட்டை இன்னொரு கட்டாக. எது எது என்று சந்தேகம் வந்தால் விரலை நனைத்து எழுத்தின் மேல் தேயுங்கள். கரைந்தால் சந்தேகமே இல்லை, இங்க்ஜெட். கரையாமல், விரலுக்கு லேசாக மேடு தட்டி, வெளிச்சத்தில் மினுமினுத்தால் டோனர். ஐந்து நிமிஷ வேலை. அப்புறம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுக்கலாமா என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள். என் கைடு ஒத்துக்கொண்டார், 64 பக்கம் 32 தாளில் முடிந்தது.

கடைசியாக ஒன்று. இது மின்னிதழ், தயவுசெய்து பிரிண்ட் எடுக்காதீர்கள். எடுத்தே தீருவேன் என்றால் சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்துவிடுங்கள். ரெண்டு பக்கமும் அடித்துத் தரச் சொல்கிறேன். கறுப்பில்தான்.